மணமும் விலையும்

ஐம்புலன்களுள் கண்ணுக்கும் செவிக்கும் நம் மொழி வாரி வழங்கியிருக்கிறது. நிறங்களுக்கும் வடிவங்களுக்கும் ஓசைகளுக்கும் பெயர்கள் ஏராளம். நாவுக்கு அறுசுவை என்று ஒரு கணக்கு உண்டு. மூக்கின் நிலை அப்படியன்று. மணத்தைச் சொல்ல முற்படும்போது இனிது, காரமானது, மென்மையானது என்று பிற புலன்களிடம் கடன் கேட்டு நிற்கின்றோம். இல்லையேல் மல்லிகை போல, மண் போல என்று பொருளைச் சுட்டிக்காட்டி அமைகின்றோம். இருந்த ஒரு நல்ல சொல்லையும் இழந்துவிட்டோம். வள்ளுவர் மொட்டுக்குள் அடங்கிய மணத்தை 'நாற்றம்' என்றே குறித்தார். இன்று அச்சொல்லை ஒருவரிடம் சொல்லிவிட்டு அவரோடு நட்பைத் தொடர இயலாது. இழிபொருட்பேற்றுக்கு வகுப்பறையில் நாம் தரும் முதல் எடுத்துக்காட்டும் அதுவே.

இக்கட்டுரையில், ஆடவர்க்கென உலகச் சந்தையில் உயர்ந்த விலைக்கு விற்கப்பெறும் நறுமண நீர்கள் சிலவற்றைப் பற்றி நம் எண்ணங்களைப் பகிர்ந்துகொள்ள விழைகின்றோம். தமிழாசிரியருக்கு இதில் என்ன வேலை என்று வினவுவோர் இருக்கலாம். வளைகுடா நாடுகளில் பணிபுரியும் எம் பழைய மாணவர் சிலர், விடுப்பில் ஊருக்கு வரும்போது விரல் நீளச் சிறு குப்பிகளில் இவற்றின் மாதிரிகளைக் கொணர்ந்து தருவது வழக்கம். பெருங்கடைகளில் விலையின்றிக் கிடைப்பவை அவை. ஆதலால் மறுக்கத் தோன்றவில்லை. சில ஆண்டுகளாக ஒவ்வொன்றையும் முன்கையில் ஒரு துளி இட்டு, காலை முதல் இரவு வரை அதன் போக்கைக் கவனித்து வந்திருக்கின்றோம். அதன் பயனாக ஒரு கருத்து நம் உள்ளத்தில் உறுதிப்பட்டுள்ளது. இந்நறுமணங்களில் உண்மையான கலை இருக்கிறது. ஆனால் அக்கலைக்கும் குப்பிக்கு இடப்பெறும் விலைக்கும் உள்ள உறவு மிக மெல்லியது. கலையை அறிந்துகொள்பவன் விலைக்கு அடிமையாக மாட்டான். இதனை மாணவர்க்கும் ஊர்ப் பெரியோர்க்கும் ஒருசேரச் சொல்ல விரும்புகின்றோம்.

முதல், இடை, கடை

நறுமண நீர் என்பது மணப்பொருள்களை ஆல்கஹாலில் கரைத்த கரைசல். ஆல்கஹால் விரைந்து ஆவியாகும்போது மணப்பொருள்கள் அவற்றின் எடைக்கும் இயல்புக்கும் ஏற்ப ஒன்றன்பின் ஒன்றாக எழுகின்றன. மேலை நாட்டார் இதனைத் தலை, நெஞ்சு, அடி என மூன்றாகப் பகுப்பர். சங்கத்தையே முதல், இடை, கடை என்று வகுத்துப் பழகிய நமக்கு இதற்கும் அச்சொற்களே போதும். எலுமிச்சையும் நாரத்தை வகைகளும் முதல் மணம். சில நிமிடங்களில் மறையும். லாவண்டர், மலர்கள், வாசனைத் திரவியங்கள் இடை மணம். ஓரிரு மணிநேரம் நிற்கும். சந்தனம், வெட்டிவேர், பிசின்கள், கஸ்தூரி போன்றவை கடை மணம். மாலை வரையிலும், சட்டையில் மறுநாள் வரையிலும் தங்கும். கடைக்காரர் நீட்டும் தாள்பட்டை முதல் மணத்தைத்தான் காட்டும். வாங்கியவன் வாழப்போவதோ கடை மணத்தோடு. இந்த ஓர் உண்மையை அறிந்தாலே பாதி ஏமாற்றங்கள் குறையும்.

இத்தொழிலின் வரலாற்றில் நம்மவர்க்கும் பங்குண்டு. 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அறிஞர் அல்கிந்தி, நறுமணங்களின் வேதியியலையும் வடித்தெடுக்கும் முறைகளையும் பற்றித் தனி நூலே எழுதினார்; நூற்றுக்கு மேற்பட்ட செய்முறைகள் அதில் உள்ளன. அத்தர் என்னும் சொல் அரபு மொழி தந்தது. ஆல்கஹால் என்னும் சொல்லும் அரபு மூலத்திலிருந்தே வந்தது. ஐரோப்பாவில் இன்றைய ஆடவர் மணநீர்களுக்கு முன்னோடி, செருமனியின் கொலோன் நகரில் குடியேறிய இத்தாலியரான ஃபரினாவின் குடும்பத்தார் 1709ஆம் ஆண்டு தொடங்கிய நிறுவனத்தின் கொலோன் நீர். எலுமிச்சை, நாரத்தை மலர் ஆகியவற்றின் தெளிந்த மணம் அது. அன்று அதனை ஆடவரும் பெண்டிரும் வேறுபாடின்றிப் பூசினர்.

மணமில்லாச் செடியின் மணம்

ஆடவர்க்கு உரியது என்று இன்று உலகம் எண்ணும் மணத்தின் பிறப்பு சுவையானது. 1868ஆம் ஆண்டு இங்கிலாந்தின் வேதியியலாளர் பெர்க்கின், கூமரின் என்னும் பொருளை ஆய்வகத்தில் ஆக்கினார். அறுத்துக் காயவைத்த புல்லின் மணம் அதற்கு உண்டு. 1882ஆம் ஆண்டு பாரிசின் ஊபிகான் நிறுவனத்தில் போல் பார்கே என்பவர், கூமரினோடு லாவண்டரையும் ஓக் மரப் பாசியின் மணத்தையும் சேர்த்து 'ஃபூஜேர் ரொயால்' என்னும் நறுமணத்தை அமைத்தார். அப்பெயருக்கு அரச பெரணி என்பது பொருள். பெரணிச் செடிக்கோ குறிப்பிடத்தக்க மணம் ஏதுமில்லை! இல்லாத ஒன்றைக் கற்பனையால் படைத்துத் தந்தார் அக்கலைஞர். அதனைக் கவிதை என்று அழைக்க நமக்குத் தயக்கமில்லை.

அக்கற்பனையின் வழித்தோன்றல்கள் பல நூறு. நம்மூர்ச் சலூன்களில் சவரம் முடித்தபின் கன்னத்தில் தடவும் நீரிலும், சவரச் சோப்பின் நுரையிலும் அதன் தூரத்து உறவை மூக்கு கண்டுகொள்ளும். ஒரு தலைமுறை ஆடவர் தம் தந்தையரின் மணமாக நினைவில் வைத்திருப்பது, பாரிசில் ஒருவர் மணமற்ற செடிக்குக் கற்பித்த மணத்தையே.

மல்லிகைக்குப் பால் உண்டோ?

இது ஆணுக்கு, அது பெண்ணுக்கு என்ற பாகுபாட்டை இயற்கை செய்யவில்லை, வணிகம் செய்தது. நம் பழைய இலக்கியத்தில் ஆடவர் மார்பில் சந்தனம் பூசினர், தலையில் பூச்சூடினர். சிலப்பதிகாரத்தின் புகார் நகரில் சாந்தும் சுண்ணமும் பூவும் புகைப்பொருளும் விற்போர் தெருவில் திரிந்தனர். வாங்கியோரின் பாலை இளங்கோவடிகள் பிரித்துச் சொல்லவில்லை. அரபு நாட்டு ஆடவர்க்கு ரோசா இன்றும் உரிய மணம். மலர் மணம் ஆண்மைக்குக் குறை என்னும் எண்ணம் அண்மைக் காலத்தது.

அவ்வெண்ணத்தை உடைத்த மணம் ஒன்று ஐரோப்பாவிலேயே தோன்றியது. 1966ஆம் ஆண்டு டியோர் நிறுவனத்திற்காக எட்மோன் ருட்னிட்ஸ்கா அமைத்த 'ஓ சவாஜ்' அது. மல்லிகை இனப் பூக்களின் மணத்தை ஆராய்ந்த சுவிட்சர்லாந்து வேதியியலாளர்கள் கண்டறிந்த ஹெடியோன் என்னும் பொருளை, அவர் ஆடவர் மணத்திற்குள் துணிந்து வைத்தார். முதலில் எலுமிச்சையும் திருநீற்றுப்பச்சையை ஒத்த இலைமணமும் எழுகின்றன. அவை அடங்கும்போது, திறந்த சன்னல் வழியே எங்கோ பூத்த பூவின் காற்று வருவதுபோல் ஹெடியோன் பரவுகிறது. பூ இன்னதென்று சொல்ல இயலாது. ஆனால் பூ இருக்கிறது. கீழே வெட்டிவேரும் பாசியும் அமைதியாகத் தாங்கி நிற்கின்றன. நாம் நுகர்ந்தவற்றுள் சொற்சுருக்கத்திற்கு இணையாக மணச்சுருக்கம் அமைந்தது இதிலேதான். அரை நூற்றாண்டு கடந்தும் விற்பனையில் நிலைத்திருக்கும் இம்மணத்தின் நடுவே மல்லிகையின் சாயல் உள்ளது என்று சொன்னால், மல்லிகை பெண்களுக்கானது என்று கூறும் இளைஞர்கள் வியப்படைகின்றனர். மதுரை மல்லி 2013இல் புவிசார் குறியீடு பெற்ற நாட்டில் இவ்வியப்பு இருக்கலாகாது.

பெயர் நம்முடையது

கெர்லேன் நிறுவனம் 1959ஆம் ஆண்டு வெளியிட்ட 'வெட்டிவெர்' நமக்கு வேறொரு வகையில் நெருக்கமானது. எம் மாணவர் ஒருவர் அக்குப்பியை எடுத்துக்காட்டி, பிரெஞ்சுப் பெயர் என்று எண்ணி நாவை வளைத்து உச்சரித்தார். அது வெட்டிவேர், தம்பி என்றோம். அவர் நம்பவில்லை, அகராதியைத் திறந்து காட்ட வேண்டியதாயிற்று. ஆங்கிலமும் பிரெஞ்சும் அச்சொல்லைத் தமிழிலிருந்தே பெற்றன என்பதை மொழியறிஞர்கள் ஒப்புகின்றனர். கோடையில் மண்பானைத் தண்ணீரில் அவர் பாட்டியார் போட்டுவைத்த வேர்தான், உலகைச் சுற்றிப் பிறர் உடை உடுத்தி அவர் கைக்கு வந்திருந்தது.

பட்சூலி என்று மேலை நாட்டார் வழங்கும் நறும்பச்சிலையின் பெயரையும் அகராதிகள் தமிழோடு தொடர்புறுத்துகின்றன. தமிழிலும் மலையாளத்திலும் வழங்கும் அகில் என்னும் சொல், போர்த்துக்கீசியர் வாயில் திரிந்து, கழுகைக் குறிக்கும் சொல்லோடு மயங்கி, ஆங்கிலத்தில் கழுகுமரம் என்னும் பொருள்பட 'ஈகிள்வுட்' என்று நின்றது. சொற்கள் கப்பலேறிய வரலாற்றை எழுத நம் கடற்கரையூர்களின் வணிகத்தைவிடச் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

கெர்லேனின் வெட்டிவேர் மணம் பானைத் தண்ணீரின் மணம் அன்று. எலுமிச்சையில் தொடங்கி, சாதிக்காயும் மிளகும் உலர்ந்த புகையிலையும் ஊடாக வந்து, வேரின் கசப்பில் முடிகிறது. நம் வீட்டு வேருக்கு ஈரமுண்டு; இதற்கு இல்லை. நன்றாக வெளுத்துக் கஞ்சியிட்ட சட்டைபோல் விறைப்பாக நிற்கிறது. இருப்பினும் மாலையில் முன்கையை முகர்ந்தபோது மழைக்குமுன் மண் தரும் குளிர்ச்சி ஒரு நொடி வந்து போயிற்று. அந்த ஒரு நொடிக்காகவே அதனை உயர்ந்தது என்போம். வேரை வடிக்கும் தொழில் இன்று பெரும்பாலும் எயிட்டியிலும் சாவகத்திலும் நடைபெறுகிறது. கடலூர் மாவட்டத்தின் மணற்பாங்கான கரையோர நிலங்களிலும் வெட்டிவேர் விளைகிறது. வேரைத் தோண்டுபவர் எந்நாட்டவராயினும் அவர் கையில் சேர்வது குப்பி விலையில் சிறு துணுக்கே.

கடல் எது?

1988ஆம் ஆண்டு டேவிடாஃப் பெயரில் பியேர் பூர்தோன் அமைத்த 'கூல் வாட்டர்', 1996ஆம் ஆண்டு அர்மானி பெயரில் வெளிவந்த 'அக்வா டி ஜியோ' ஆகிய இரண்டும் கடலையும் நீரையும் நினைவூட்டுவதாகச் சொல்லி உலகெங்கும் விற்றன. வளைகுடாவிலிருந்து வந்த பெட்டிகளில் இவற்றை நாமும் கண்டிருக்கின்றோம். முதலாவதில் புதினாவும் லாவண்டரும் துவைத்த துணியின் தூய்மையும் உள்ளன. இரண்டாவதில் நாரத்தையும், தர்ப்பூசணித் தோலை நினைவூட்டும் நீர்த்தன்மையும் உள்ளன. இரண்டும் இனியவை. வெயில் மிகுந்த நம் நாட்டுக்குப் பொருந்துபவை.

ஆனால் கடல் என்று சொல்வதை நாம் ஏற்கமாட்டோம். கருவாடும் பாசியும் நனைந்த வலையும் படகின் எண்ணெயும் கலந்ததே கடலின் மணம் என்பதைக் கரையில் பிறந்தவர் அறிவர். குப்பிக்குள் இருப்பது, விடுதி மாடத்திலிருந்து கடலைப் பார்ப்பவரின் கடல். கடலில் இறங்குபவரின் கடல் அன்று. இதனைக் குறையாகச் சொல்லவில்லை. பெரணிக்கு மணம் படைத்தாற்போல் இதுவும் ஒரு படைப்பே. இருப்பினும் பெயரைக் கேட்டு மயங்காமல் மூக்கைக் கேட்டுத் தெளிய வேண்டும் என்பதற்கு இது நல்ல பாடம்.

இதற்கு மாறாக, 2006ஆம் ஆண்டு எர்மெஸ் நிறுவனத்தில் ழான் குளோது எலேனா அமைத்த 'தெர் தெர்மெஸ்' மண்ணைப் பெயரில் கொண்டது. சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. தொடக்கம் ஆரஞ்சுத் தோல். தொடர்ந்து மிளகு. பின்னர் வருவது கல்லின் மணம். சிறுவயதில் இரு வெள்ளைக் கற்களை உரசித் தீப்பொறி பறக்கவிட்டு மூக்கருகே கொண்டுபோனவர்கள் அதனை உடனே அறிவார்கள். இறுதியில் மீண்டும் நம் வெட்டிவேர். செல்வத்தைப் பறைசாற்றாத செல்வமணம் இது. எலேனா குறைந்த பொருள்களைக் கொண்டு நிறைந்த மணத்தை அமைப்பவர் என்று பெயர் பெற்றவர். நல்ல ஆசிரியப்பாவில் மிகைச்சொல் இராது என்று நாம் பாடம் சொல்வதை அவர் மணத்தில் நடத்திக்காட்டுகிறார்.

உரத்த குரல்

2015ஆம் ஆண்டு டியோர் வெளியிட்ட 'சவாஜ்' இன்று மாணவர்களிடையே மிகுதியும் பேசப்படுவது. நாரத்தையும் மிளகும் பளிச்சென்று எழ, அடியில் அம்ப்ராக்ஸான் என்னும் பொருள் இடைவிடாது ஒலிக்கிறது. திமிங்கிலத்தின் குடலில் உருவாகிக் கடலில் மிதந்துவரும் அம்பரின் மணத்தைத் தாவரமூலத்திலிருந்து வேதியியல் வழியில் ஆக்கியதே அம்ப்ராக்ஸான். இயற்கை அம்பரை வைத்திருப்பதும் விற்பதும் நம் நாட்டில் குற்றம். கடற்கரை மாவட்டங்களில் அதன் கடத்தல் பற்றிய செய்திகள் அடிக்கடி வருகின்றன. ஆகவே ஆய்வகம் தந்த இம்மாற்றை நாம் வரவேற்கின்றோம். கஸ்தூரிக்கும் அவ்வாறே. 1888இல் வெடிமருந்து ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்த பவுர் என்னும் வேதியியலாளர் தற்செயலாகச் செயற்கைக் கஸ்தூரி மணத்தைக் கண்டார். அவ்வழியில் வளர்ந்த செயற்கைப் பொருள்களால் மான்களை வேட்டையாடும் தேவை குறைந்தது.

நம் தடை பொருளில் இல்லை; அளவில் உள்ளது. இம்மணத்தை ஐந்தாறு முறை பீய்ச்சிக்கொண்டு ஒருவர் வகுப்பறைக்குள் வருவாராயின், வருகைப்பதிவுக்கு அவர் பெயரை அழைக்கவேண்டியதில்லை. மணம் என்பது தன்மேல் பூசிக்கொள்வதாயினும் பிறர் மூக்கில் வாழ்வது. இருமலோடும் மூச்சிரைப்போடும் போராடும் முதியவர் அருகில் தொழுகை வரிசையில் நிற்கும்போது இதனை நினைவிற் கொள்ளல் வேண்டும். பூண்டும் வெங்காயமும் உண்டவர் அம்மணத்தோடு பள்ளிவாசலுக்கு வரவேண்டாம் என்று அறிவுறுத்திய மார்க்கத்தில், அடுத்தவர் மூக்குக்கும் உரிமை உண்டு என்னும் நெறி அடங்கியிருக்கிறது.

ஊதின் வழி

மேலை நாட்டு நிறுவனங்கள் அரபு நாட்டு ஊதினை அறிந்துகொண்டது அண்மையில்தான். ஈவ் சான் லோரான் 2002இல் 'எம் 7' என்னும் மணத்தையும், டாம் ஃபோர்ட் 2007இல் 'ஊத் வுட்' என்னும் மணத்தையும் வெளியிட்டபின், ஊத் என்னும் சொல் உலகெங்கும் விலையுயர்வின் அடையாளமாயிற்று. அரபு மொழியில் அச்சொல்லுக்குக் கட்டை என்பதே பொருள். அம்மரம் நலமாக இருக்கும்வரை அதன் கட்டையில் அம்மணம் இராது. காயம்பட்டுப் பூஞ்சை தாக்கும்போது தன்னைக் காத்துக்கொள்ள மரம் சுரக்கும் பிசினே மணக்கிறது. அளவுக்கு மீறி வெட்டப்பட்டதால் அதன் முதன்மை இனம் 1995 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளது. குப்பிகளில் ஊத் என்று எழுதப்பெறுவதிற் பெரும்பகுதி ஆய்வகக் கலவையே.

'ஊத் வுட்' நல்ல மணம். ஏலமும் சந்தனமும் கலந்து வழுவழுப்பாக இருக்கிறது. ஆயினும் திருமண வீட்டில் தணலில் இட்ட ஊதுக்கட்டையின் புகையை அறிந்தவர்க்கு இது வாசலிலேயே நின்றுவிடுவதாகத் தோன்றும். அதன் காட்டுத்தன்மையைக் கழுவி எடுத்துவிட்டார்கள். ஓமான் நாட்டில் சுல்தான் காபூஸ் அவர்களின் விருப்பத்தின்படி 1983இல் தோன்றிய அமுவாஜ் நிறுவனத்தின் மணங்கள் இவ்வகையில் வேறுபட்டவை. தோபார் மலைகளின் குந்திரிக்கப் பிசின் அவற்றின் உயிர்நாடி. அந்நிறுவனம் ஆடவர்க்கென விற்கும் 'கோல்ட்' மணத்தில் ரோசாவும் மல்லிகையும் குந்திரிக்கப் புகையோடு ஒரு பூக்கூடையளவு நிறைந்துள்ளன. ஆண்மையை மலர் குறைக்கும் என்போர்க்கு இது தக்க விடை. அதன் விலையைக் கேட்டால் மட்டும் மூச்சு ஒரு கணம் நிற்கிறது.

குப்பியின் மேல் யார் பெயர்?

இவ்விலை எதற்கு? ஒரு நூலை எடுத்தால் அட்டையில் ஆசிரியர் பெயர் இருக்கும். நறுமணக் குப்பியில் அவ்வாறில்லை. அதன்மேல் இருப்பது ஆடை நிறுவனத்தின் பெயர். மணத்தை அமைப்பவர் பெரும்பாலும் ஜிவாடான், ஃபர்மனிஷ் போன்ற மணப்பொருள் ஆலைகளில் பணிபுரியும் கலைஞர். பிரடெரிக் மால் என்பவர் 2000ஆம் ஆண்டு தம் நிறுவனத்தைத் தொடங்கி, பதிப்பாளர்போல் நின்று, மணத்தை அமைத்தவர் பெயரைக் குப்பியின்மேல் அச்சிட்டார். அதுவே அப்போது புதுமையாகப் பேசப்பட்டது என்றால் அதற்குமுன் இருந்த நிலையை உணரலாம். நாம் கொடுக்கும் பணத்தில் மணநீருக்கு உரிய பங்கு சிறிது. கண்ணாடிக்கும் அட்டைப்பெட்டிக்கும் திரைநடிகர் தோன்றும் விளம்பரத்திற்கும் கடை வாடகைக்கும் இலாபத்திற்கும் உரியதே பெரிது.

இதனை ஏட்டுச் செய்தியாகச் சொல்லவில்லை. சென்ற ஆண்டுகளில் ஒருநாள் எம் இளங்கலை மாணவர் ஒருவர், அத்தா பெருநாளைக்கு வரும்போது அந்தச் சென்ட் வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன், ஐயா என்று மகிழ்ச்சியோடு கூறினார். அவர் தந்தையார் வளைகுடாவில் ஒரு கிடங்கில் சுமை ஏற்றி இறக்கும் பணியில் இருப்பவர். பத்தாயிரம் ரூபாயைத் தாண்டும் அக்குப்பி அவருக்கு எத்தனை நாள் ஊதியம் என்று கணக்கிட்டுப் பாருங்கள் என்றோம். அம்மாணவர் தாளில் எழுதிப் பார்த்தார், ஏதும் பேசவில்லை. பெருநாள் கழிந்து அவர் வந்தபோது வேறொரு சிறு புட்டி அவரிடம் இருந்தது. அத்தாவே கடைவீதியில் நின்று ஒவ்வொன்றாக முகர்ந்து தமக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுத்ததாம். விலை பத்தில் ஒரு பங்கு. மணம் உண்மையிலேயே நன்றாக இருந்தது. அதைவிட, அதனை முகர்ந்து பார்க்கும்போது அம்மாணவர் முகத்தில் ஒரு பெருமிதம் இருந்தது. எந்த விளம்பரமும் அதனை விற்க இயலாது.

தந்தையர் வியர்வையால் மகன் மணக்கும் நிலை நம் ஊர்களில் புதிதன்று. மணக்கவேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. எதற்குப் பணம் கொடுக்கின்றோம் என்பதை அறிந்து கொடுங்கள் என்கின்றோம்.

பெரியோர்க்கு ஒரு விண்ணப்பம்

ஊர்ப் பெரியோர் சிலர் இவை அனைத்தும் வீண் ஆடம்பரம் என்று ஒரே சொல்லில் ஒதுக்குவர். ஆல்கஹால் கலந்த மணநீரைப் பூசலாமா என்பதில் மார்க்க அறிஞரிடையே இருவேறு கருத்துகள் உண்டு. அதனைத் தீர்ப்பது தமிழாசிரியர் பணியன்று. ஐயமுடையோர்க்கு எண்ணெயில் அமைந்த அத்தர் இருக்கவே இருக்கிறது. ஆனால் நறுமண விருப்பத்தையே இளைஞரின் குறையாகக் கருதுவது முறையன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நறுமணத்தை விரும்பினார்கள். நறுமணம் அன்பளிப்பாக வந்தால் மறுக்கமாட்டார்கள் என்று அறிகின்றோம். நல்ல தோழமையை விளக்கக் கஸ்தூரி வைத்திருப்பவரை உவமையாகக் காட்டினார்கள். வெள்ளிக்கிழமை அத்தர் தோய்த்த பஞ்சைக் காதுமடலில் செருகிவந்த நம் பாட்டனார்களும் நறுமணக் கலையின் சுவைஞர்களே. கன்னோசி நகரில் முதல் மழை மண்ணின் மணத்தைக்கூட அத்தராக வடிக்கின்றனர். அத்தகைய மரபுக்கு உரியவர்கள் பேரனின் குப்பியைக் கண்டு முகம் சுளிப்பதைவிட, அவனை அருகழைத்து ஊதும் சந்தனமும் எவ்வாறு மணக்கும் என்று கற்பிப்பது பயன் தரும். தரம் அறிந்தவனைக் கடைக்காரர் ஏமாற்ற இயலாது.

மாணவர்க்குச் சில சொற்கள். கடையில் ஒரே நாளில் பத்து மணங்களை முகராதீர்கள். மூன்றுக்குமேல் மூக்கு குழம்பும். தாளில் முகர்ந்து முடிவு செய்யாதீர்கள். தோலில் ஒரு துளி இட்டு, கடையைவிட்டு வெளியேறி, வெயிலில் நடந்து, மாலையில் முகர்ந்து பாருங்கள். மறுநாளும் நினைவில் நின்றால் அது உங்கள் மணம். பூசும்போது கை எட்டும் தொலைவில் நிற்பவர் மட்டும் உணரும் அளவே போதும். பெயரை மறைத்துவிட்டு நண்பர்களோடு முகர்ந்து பாருங்கள். இருநூறு ரூபாய் அத்தர் இருபதாயிரம் ரூபாய்க் குப்பியை வெல்லும் நாளும் வரும், தோற்கும் நாளும் வரும். இரண்டும் கல்வியே.

இறுதியாக ஒரு வேண்டுகோள். நீங்கள் முகரும் ஒவ்வொரு மணத்தையும் தமிழில் இரண்டு வரி எழுதிப் பாருங்கள். 'சூப்பர்' என்னும் ஒரு சொல்லோடு நிறுத்தாதீர்கள். நனைந்த ஓலை, அரைத்த சந்தனம், புதுச்சுண்ணாம்பு அடித்த சுவர், வெயிலில் காய்ந்த பாய், அவித்த நெல், பழைய நூலின் தாள் என்று உங்கள் பாட்டியாரும் தாயாரும் அறிந்த மணங்கள் நூறு உண்டு. அவற்றின் பெயர்களை ஊர் ஊராகத் திரட்டும் பணியை நம் தமிழ்த்துறை மாணவர்கள் மேற்கொள்ளலாம். வெட்டிவேர் என்னும் ஒரு சொல்லை உலகுக்குக் கொடுத்த மொழியில், மணத்திற்கு இன்னும் பல சொற்கள் பயன்படுத்துவாரின்றிக் கிடக்கின்றன. அவற்றை எடுத்து ஆளத் தொடங்கினால், எந்தக் குப்பிக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதை மூக்கே நமக்குச் சொல்லும்.